டாக் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே உள்ளே இருப்பது இஎஸ்எஸ் கம்பெனி சிப்பா, ஏகேஎம் கம்பெனி சிப்பா என்று கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது பெட்டியின் பின்பக்கத்தை. ஒழுங்காக வடிவமைத்த டாக் எதிலும் இன்றைக்கு இரைச்சலும் சிதைவும் காதுக்கு எட்டாத அளவில்தான் இருக்கின்றன. 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி 512 என்று உயர் ரெசல்யூஷன் ஃபார்மட்டுகளைப் பெருமையடிக்கும் ஸ்டிக்கர்களுக்கும் மயங்க வேண்டாம். சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அதைச் சுத்தமாக வாசித்தாலே பெரும்பாலான பாட்டுகளுக்குப் போதும்.

அதற்கும் முன்னால் ஒன்று: உங்கள் ஆம்பிலோ (ஆம்ப்ளிஃபயர்) ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ (உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்) ஆப்டிகல் (ஒளி கேபிள்) அல்லது யூஎஸ்பி இன்புட் இருந்தால், உள்ளேயே ஒரு டாக் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி, டிவிக்கு ஆப்டிகல். இரண்டையும் இணைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு இன்புட்டும் இருக்க வேண்டும். யூஎஸ்பி மட்டுமே உள்ள மாடல்கள் நிறைய. டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றிவிடுங்கள். டால்பி சிக்னலை ஸ்டீரியோ டாக்கால் பிரித்துப் படிக்க முடியாது. சத்தமே வராது, நல்ல பெட்டியைப் பழுதென்று திருப்பி அனுப்புவீர்கள்.

யூஎஸ்பி மட்டுமே போதும் என்பவர்களிடமும் ஆப்டிகல் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். காரணம் கிரவுண்ட் லூப், அதாவது இணைத்த கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் ஒரு வளையமாகி இரைச்சலைக் கொண்டுவருவது. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் ஒரு கிர்ர் சத்தம் கூடவே நகர்கிறதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் அந்தச் சத்தம் கேபிளின் கிரவுண்ட் வழியாக வருகிறது. விலை கூடிய டாக் என்பதாலேயே அது நின்றுவிடாது. ஆப்டிகலில் போவது வெறும் ஒளி. மின்தொடர்பே இல்லாததால் அந்தக் கிர்ர் கடந்துவர வழியில்லை. 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சில ஆப்டிகல் இணைப்புகள் தடுமாறும், ஆனால் அந்த அமைதிக்காக நான் அதைத் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். (சோதனை முடிந்ததும் வால்யூமைக் குறைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள்.)

அவுட்புட்டில் ஆர்சிஏ (வழக்கமான சிவப்பு, வெள்ளை சாக்கெட்) சுமார் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் பேலன்ஸ்டு சாக்கெட்) சுமார் 4 வோல்ட் தரும். ஆம்பில் எக்ஸ்எல்ஆர் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். டாக்கிலிருந்து நேராக ஆக்டிவ் ஸ்பீக்கருக்குப் போகிறவர்களுக்கு, கைக்கு எட்டுகிற வால்யூம் நாபோ ரிமோட்டோ கட்டாயம். ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் நாபைத் தினமும் யார் எட்டித் திருகுவது?

வீட்டில் இரண்டு டாக்கை ஒப்பிடப் போகிறீர்களா? முதலில் சத்த அளவைச் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது கூடுதல் சத்தம் என்று உணராது, தெளிவு அதிகம் என்றே நம்பிவிடும். 100 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் வரட்டும். அப்புறம் வேறொருவரை மாற்றிவிடச் சொல்லி, எது ஓடுகிறதென்று தெரியாமல் கேளுங்கள். வித்தியாசம் பிடிபடவில்லையென்றால் விலை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.