கட்சி சாராமல் உரக்கப் பேசுவது எப்படி: தொண்டு நிறுவனங்களின் பொது அறிக்கைகளுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக் குழந்தைகளின் உணவைப் பற்றி ஒரு தொண்டு நிறுவனம் பத்து வரி எழுத முற்பட்டால், அந்தப் பத்து வரிக்குள் தமிழ்நாட்டின் கட்சி வரலாறே வந்து நின்றுவிடும். 1920-இல் நீதிக்கட்சியினர் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவு வழங்கத் தொடங்கியது, 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலத் திட்டமாக்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2013-இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் அறிமுகமாயின. 2022-இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு தொடங்கியது. இவற்றுள் ஒரு பெயரை மட்டும் குறிப்பிட்டு மற்றவற்றை விட்டுவிடும் கட்டுரை, எழுதியவருக்கு எந்த உள்நோக்கமும் இல்லாவிட்டாலும், ஒரு கட்சியின் துண்டறிக்கையாகவே வாசிக்கப்படும். ஆறையும் ஆண்டோடு எழுதிவிட்டு, இன்று எந்தப் பள்ளியில் என்ன குறைகிறது என்பதைச் சொல்லும் கட்டுரையை எந்தக் கட்சிக்காரரும் தமக்கு எதிரானதென்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இந்த வழிகாட்டி, அறிக்கையும் துண்டறிக்கையும் முகநூல் பதிவும் எழுதும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. நடுநிலை என்றவுடன் வாயை மூடிக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று எண்ணும் அறங்காவலர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. குழந்தைக்கு உணவு கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாத நிறுவனம் நடுநிலை வகிக்கவில்லை. தன் வேலையைக் கைவிட்டிருக்கிறது. பிரச்சினையில் ஊன்றி நின்று, கட்சியிலிருந்தும் வேட்பாளரிடமிருந்தும் விலகி நிற்பதே நாம் பழக வேண்டியது.

சட்டம் வரையும் எல்லை

முதலில் சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அறியாமையால் வரும் அச்சமே பல நிறுவனங்களைத் தேவைக்கு மேல் மௌனமாக்குகிறது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, அரசியல் கட்சிகளும் அவற்றின் பொறுப்பாளர்களும் தேர்தல் வேட்பாளர்களும் மட்டுமன்றி, அரசு 'அரசியல் தன்மை கொண்ட அமைப்பு' என்று அறிவிக்கும் எந்த அமைப்பும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. எவை அத்தகைய அமைப்புகள் என்பதை 2011-ஆம் ஆண்டு விதிகளின் 3-ஆம் விதி வரையறுத்தபோது, பொதுக் கோரிக்கைகளுக்காக வழக்கமாக முழு அடைப்பிலும் சாலை மறியலிலும் ஈடுபடும் அமைப்புகளையும் அதில் சேர்த்தது. இதை எதிர்த்து இன்சாஃப் (இந்தியச் சமூகச் செயல்பாட்டு மன்றம்) என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில், 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியின் வீச்சைக் குறுக்கியது: நேரடி அரசியலிலோ கட்சி அரசியலிலோ ஈடுபடாத ஓர் அமைப்பு, மக்கள் கோரிக்கைக்காக இத்தகைய போராட்ட முறைகளைக் கையாண்டது என்பதற்காக மட்டுமே அரசியல் அமைப்பாகிவிடாது. அதே ஆண்டு நவம்பரில் விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஆகவே, ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து அறிக்கை விடலாமா என்று தயங்கும் நிறுவனம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'இது அரசியலா?' என்பதன்று; 'இது கட்சி அரசியலா?' என்பதே.

உள்நாட்டு நன்கொடையில் மட்டும் இயங்கும் நிறுவனங்களும் தேர்தல் சட்டங்களிலிருந்து தப்பவில்லை. ஒரு வேட்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காக விளம்பரத்துக்கோ துண்டறிக்கைக்கோ பொதுக்கூட்டத்துக்கோ செலவு செய்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 176-ஆம் பிரிவின்படி குற்றம். அனுமதி வாங்கிவிட்டால் அச்செலவு வேட்பாளரின் தேர்தல் கணக்கில் ஏறிவிடும். அன்றோடு நம் கட்சி சார்பின்மையும் போய்விடும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127அ பிரிவு, ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ பாதகமாகவோ அச்சிடப்படும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. 'பாதகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரையும் ஆதரிக்காமல் ஒருவரை மட்டும் எதிர்க்கும் துண்டறிக்கையும் இதற்குள் வந்துவிடும்.

சொற்களே முதலில் காட்டிக்கொடுக்கும்

தமிழில் எழுதுபவருக்கு ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. டெல்லியில் உள்ள அரசை எப்படி அழைக்கிறோம் என்பதே இன்று நம் சார்பைக் காட்டும் அடையாளமாக வாசிக்கப்படுகிறது. 2021-இல் ஆட்சிக்கு வந்த தமிழ்நாடு அரசு, அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று குறிப்பதை எடுத்துக்காட்டி, 'ஒன்றிய அரசு' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதுவரை பரவலாக வழங்கிய 'மத்திய அரசு' என்பதை விடாமல் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள். இரண்டும் பிழையான சொற்கள் அல்ல. ஆனால் நன்றி சொல்லும் பதிவில் ஒரு சொல்லும் குறை சொல்லும் பதிவில் மற்றொரு சொல்லும் வந்தால், வாசகர் அதைக் கவனிக்கிறார். என் பரிந்துரை, 'இந்திய அரசு' என்றோ, அதைவிட நன்றாக, 'இந்திய அரசின் கல்வி அமைச்சகம்' என்று பொறுப்புள்ள அமைச்சகத்தைப் பெயர் சொல்லியோ எழுதுவது. அது சண்டையிலிருந்து விலகுவதோடு, கோரிக்கை யாரிடம் வைக்கப்படுகிறது என்பதையும் துல்லியமாக்குகிறது. 'தமிழகம்', 'தமிழ்நாடு' என்ற சொற்களைச் சுற்றியும் 2023 ஜனவரியில் பெரும் சர்ச்சை எழுந்தது. 1969 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பெயர் தமிழ்நாடு என்பதால் அதையே எங்கும் எழுதுவது முறை. பிறர் கூற்றை மேற்கோள் காட்டும்போது மட்டும் அவர் சொன்ன சொல்லை அப்படியே விடலாம்.

தலைவர்களின் பட்டப்பெயர்கள் இதைவிட வழுக்கலானவை. கட்சி மேடையில் பிறந்த பட்டம், பேச்சு வழக்கில் ஊறிப்போய், எழுதுபவருக்கே தெரியாமல் அறிக்கைக்குள் நுழைந்துவிடும். பெயரும் பதவியும் மட்டும் போதும்: 'முதலமைச்சர்', 'எதிர்க்கட்சித் தலைவர்', 'ஆளுநர்'. ஒருவருக்கு 'மாண்புமிகு' சேர்த்தால் எல்லோருக்கும் சேர்க்க வேண்டும். ஒருவரை 'அவர்கள்' என்று குறித்தால் பிடிக்காதவரையும் அப்படியே குறிக்க வேண்டும். திட்டத்தின் பெயரிலேயே ஒரு தலைவரின் பெயர் இருந்தால் என்ன செய்வது? கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையும் அம்மா உணவகத்தையும் வேறு பெயரில் அழைக்க முடியாது. அழைத்தால் பயனாளிக்குப் புரியாது, வேண்டுமென்றே பெயரை மறைத்ததாகவும் படும். முதல் முறை அதிகாரபூர்வப் பெயரை முழுமையாக எழுதிவிட்டு, பிறகு 'இத்தொகை', 'இவ்வுணவகம்' என்று தொடரலாம். எல்லா ஆட்சியின் திட்டங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி, பதிவுகளைத் தட்டச்சு செய்பவரின் மேசையில் ஒட்டிவையுங்கள். அறங்காவலர் கூட்டத்தில் ஒப்புதல் பெற்ற தாளாக அது இருந்தால், நாளை ஒருவர் வந்து 'ஏன் இந்தச் சொல்லைப் போட்டீர்கள்' என்று கேட்கும்போது பணியாளர் தனித்து நிற்க வேண்டியிராது.

குறை சொல்வதும் பாராட்டுவதும்

குறை சொல்லும்போது நபரைப் பற்றிப் பேசாமல் துறையைப் பற்றியும், ஆட்சியைப் பற்றிப் பேசாமல் ஆணையைப் பற்றியும், நோக்கத்தைப் பற்றிப் பேசாமல் விளைவைப் பற்றியும் எழுதுங்கள். 'ஏழைகள் மீது அக்கறையற்ற இந்த ஆட்சி குழந்தைகளைப் பட்டினி போடுகிறது' என்ற வாக்கியத்தில் சரிபார்க்கத்தக்க செய்தி எதுவும் இல்லை. 'எங்கள் ஒன்றியத்தில் நாங்கள் சென்று பார்த்த பள்ளிகளில் மூன்றில் கடந்த மாதம் ஆறு நாள்கள் உணவு சமைக்கப்படவில்லை; சமையலர் பணியிடங்கள் காலியாக இருப்பதே காரணம் என்று தலைமை ஆசிரியர்கள் தெரிவித்தனர்; அவற்றை நிரப்புமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்' என்பதில் எண்ணிக்கை, காரணம், பொறுப்பாளர், கோரிக்கை ஆகிய நான்கும் உள்ளன. முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது கடுமையானது என்பதை அதிகாரிகள் நன்கு அறிவார்கள்.

எழுதி முடித்த பின் ஒரு சோதனை செய்யுங்கள். ஆளும் கட்சியின் இடத்தில் எதிர்க்கட்சி இருப்பதாக எண்ணிக்கொண்டு அதே அறிக்கையைப் படியுங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதை வெளியிடுவீர்களா? மாற்றத் தோன்றும் சொல் எதுவோ, அதுவே சார்புச் சொல். முந்தைய ஆட்சியில் இதே குறை இருந்தபோது நாம் என்ன எழுதினோம் என்று பழைய கோப்பையும் எடுத்துப் பாருங்கள். அப்போது ஒன்றுமே எழுதவில்லை என்றால், அதை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டு, இக்குறை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது என்று சேர்த்துவிடுவது நேர்மை.

பாராட்டில் நாம் இன்னும் அதிகமாகத் தவறுகிறோம். கோரிக்கை நிறைவேறிய மகிழ்ச்சியில் எழுதும் நன்றிக் கடிதம், கட்சிச் சுவரொட்டியின் நடையைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. எந்த ஆணை, எந்தத் தேதி, யாருக்குப் பயன், இன்னும் மீதமிருப்பது என்ன என்று எழுதினால் அந்த ஆபத்து நீங்கும்.

வேறொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சாதிய வன்கொடுமை நடந்த ஊரில் தாக்கியவருக்கும் தாக்கப்பட்டவருக்கும் இடையில் நடுவே நிற்பதை யாரும் நடுநிலை என்று நம்மிடம் எதிர்பார்க்கக் கூடாது. நாமும் அதற்கு இணங்கக் கூடாது. கட்சிகளுக்கிடையே சாராதிருப்பது வேறு. உண்மைக்கும் பொய்க்கும் இடையே சாராதிருப்பது வேறு.

படம், மேடை, பொன்னாடை

எழுத்தில் காக்கும் கவனம் ஒரே புகைப்படத்தில் கரைந்துவிடும். நான் பணியாற்றிய ஓர் அமைப்பில், கண் சிகிச்சை முகாம் ஒன்றுக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அந்தப் படத்தை முகநூலில் வெளியிட்டோம். இரண்டு வாரத்தில் அவர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். நம் படம் அவர் ஆதரவாளர்களின் பதாகையில் அச்சாகி நின்றது. முகாமுக்கு வந்த முதியவர்களின் முகங்களும் அதில் இருந்தன. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதே இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடித்த முறை இது. மேடையில் அரசுப் பொறுப்பில் இருப்பவரை அழைத்தால் அவரது பதவியின் பெயரால் மட்டும் அழைப்பிதழில் குறிப்போம். கட்சிப் பொறுப்பை அச்சிட மாட்டோம். பொன்னாடைக்குப் பதில் ஒரு மரக்கன்றோ புத்தகமோ தருவோம். பதாகையின் நிறங்கள் எந்தக் கட்சிக் கொடியையும் நினைவூட்டாதிருக்கின்றனவா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்வோம். வெளியிடும் படத்தில் பயனாளிகளும் பணியாளர்களும் முன்னே இருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தன்னார்வலர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொருள்களிலும் அன்றைய முதலமைச்சரின் படம் ஒட்டப்பட்டதாகப் புகார் எழுந்ததை நினைவில் வைத்து, நிவாரணப் பொட்டலங்களில் நிறுவனத்தின் பெயரைத் தவிர எதையும் ஒட்டக் கூடாது என்பதை வண்டி கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுத்தனுப்புங்கள்.

பணியாளரின் சொந்த முகநூல் கணக்கு அவருடையது. வாக்காளராக அவருக்குள்ள உரிமையை நிறுவனம் பறிக்க முடியாது. ஆனால் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அக்கணக்கில் முகப்பாக வைத்துக்கொண்டு கட்சிப் பிரச்சாரம் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம். பயனாளிகள் உள்ள வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்திகளை யார் பகிர்ந்தாலும், அறங்காவலரே பகிர்ந்தாலும், அதே நாளில் நீக்க வேண்டும்.

தேர்தல் காலம்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட நாளிலேயே நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும். 2024-இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. வாக்குகள் ஜூன் 4 அன்று எண்ணப்பட்டன. ஏறத்தாழ பதினோரு வாரம். அவ்விதிகள் கட்சிகளையும் வேட்பாளர்களையும் அரசுகளையும் கட்டுப்படுத்துபவை; தொண்டு நிறுவனத்தின் வாயை அவை அடைக்கவில்லை. ஆயினும் அமைச்சர் வருவதாக இருந்த விழாவைத் தள்ளிவைப்பதும், முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவுகளை மறுபடி படிப்பதும், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான எதையும் வெளியிடாதிருப்பதும் நல்லது.

இக்காலத்தில் செய்யத்தக்க நல்ல பணிகளும் உண்டு. வேட்பாளர்களின் குற்ற வழக்குகள், சொத்து, கல்வி விவரங்களை வாக்காளர் அறிய வேண்டும் என்று ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2002-இல் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை நிலைநாட்டியது. கட்சி சாராத ஓர் அமைப்பு எல்லாக் கட்சிகளையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்திய நிகழ்வு அது. உங்கள் தொகுதியிலும் வேட்பாளர்களிடம் கேள்விப் பட்டியல் அனுப்பலாம். சுயேச்சைகள் உட்பட எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கேள்விகளை அனுப்பி, ஒரே கெடு கொடுத்து, பதில்களை வாக்குச்சீட்டில் பெயர்கள் வரும் வரிசையிலேயே வெட்டாமல் வெளியிட வேண்டும்; பதில் தராதவர் பெயருக்கு எதிரே 'பதில் பெறப்படவில்லை' என்று மட்டும் எழுத வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள்; போட்டால் அது பரிந்துரையாகிவிடும். 'வாக்களியுங்கள்', 'வாக்கை விற்காதீர்கள்' என்று சொல்லலாம். 'நோட்டாவுக்கு வாக்களியுங்கள்' என்பது எனக்கு ஏற்பில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லும் அறிவுரை எதுவாயினும் அது நம் வேலையன்று.

தவறு நேர்ந்தால் பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு நகராதீர்கள். படம்பிடித்து வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். எது தவறு, எப்போது திருத்தப்பட்டது என்று இரண்டு வரியில் அதே பக்கத்தில் எழுதுங்கள். பதிவில் தவறில்லாதபோதும் அதை நீக்குமாறு கட்சிக்காரர் ஒருவர் தொலைபேசியில் மிரட்டினால், தேதியும் நேரமும் குறித்து, கோரிக்கையை எழுத்தில் தருமாறு கேட்டு, வந்த கடிதத்தை அறங்காவலர் கூட்டத்தில் வைத்து, பதிலையும் எழுத்திலேயே அனுப்புங்கள். மறு வாரம் எதிர்க்கட்சிக்காரர் அதே கோரிக்கையோடு வந்தால், அதே பதிலின் மற்றொரு படியை அவரிடம் கொடுக்க முடிய வேண்டும்.