கடற்கரை ஒழுங்கைக்கு ஒரு சங்கம் தொடங்குவது எப்படி

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கட ஒழுங்கை பரவைக்கடலில், அதாவது ஆழமில்லாத கடல்நீரேரியில், போய் முடிகிறது. அந்த ஒழுங்கைச் சங்கத்துக்கு நான் பொருளாளர். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்தில் இப்படி ஒன்று தொடங்க நினைக்கிறவர்கள், சங்க விதிகளை, அதாவது யாப்பை, எழுத முதல் காணி உறுதிகளை (காணிப் பத்திரங்களை) வெளியில் எடுங்கோ.

ஒரு பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் எல்லாரும் உறுதிப் பிரதியோடு இருந்து, நாலு எல்லையையும் சத்தமாக வாசியுங்கோ. கிணற்றுப் பங்கு யாருக்கு, வழிவாய்க்கால் எந்தப் பக்கம், ஒழுங்கை எத்தனை அடி என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். பிறகு வரக்கூடிய சண்டைகளில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவரின் வீடு என்றால், அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் (அற்றோணித் தத்துவம்) யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கோ. வெறும் வீடுதான் எங்களுக்கு எப்போதும் சிக்கல்: பத்தை வளரும், கிணறு மூடாமல் கிடக்கும், நுளம்பு பெருகும்.

அடுத்தது கரை. காணியின் தெற்கெல்லை கடல் என்று உறுதியில் இருந்தாலும், அலை வந்து போகும் இடம் அரசுக்குரியது, எல்லாரும் நடக்கிற இடம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்குகிறது. கடலோடு தொடுத்த நீரேரிகளுக்கு அளவு வேறு. அதனால் உங்கட ஒழுங்கையில் எது உள்ளே வருகிறது என்று பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்து, பதிலையும் கடிதமாகவே வாங்குங்கோ. மண் அள்ளுவது, கட்டடக் கழிவு கொட்டிக் கரையை நிரப்புவது, கரையில் உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் மரத்தை வெட்டுவது எல்லாம் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத வேலைகள். வீட்டிலிருந்து கடல் தெரியவேண்டும் என்று கண்டலை வெட்டக் கேட்கிறவர்கள் எங்கட கூட்டத்திலும் இருந்தார்கள். இறால் குஞ்சும் மீன்குஞ்சும் வளருவது அந்த வேருக்குள்தான் என்று சொல்லி மறுத்துவிட்டோம். நீங்களும் மறுங்கோ.

மீன்பிடியை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஒழுங்கைச் சங்கமும் தடுக்கக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். புதிதாக வீடு கட்டி வருகிறவர்களுக்கு வலை காயப்போடும் இடம் அழுக்காகத் தெரியும், விடியப்புறம் என்ஜின் சத்தம் கரைச்சலாக இருக்கும். எங்கட பக்கத்தில் ஒருவர் வள்ளம் இழுக்கிற பாதையில் முள்ளுக்கம்பி அடித்தார். நாங்கள் பொலிசுக்குப் போகவில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டு, அவரையும் கூட்டி, பாதையை நூல் பிடித்து அளந்தோம். கம்பியை அவரே கழற்றினார். அன்றிலிருந்து கூட்டுறவுச் சங்கத்தவர் ஒருவர் எங்கட நிர்வாகசபையில் இருக்கிறார். உங்கட யாப்பிலும் அந்த இடத்தை முதலே எழுதுங்கோ. வாடைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது வள்ளங்களை இன்னும் மேலே இழுக்கவேண்டிவரும், அதற்கும் இடம் விட்டே பாதையை அளக்கவேண்டும்.

கூட்டத்துக்கு நாள் வைக்கும்போது சைவக்கோயில் பூசை நேரம், தேவாலயப் பூசை நேரம் இரண்டையும் பாருங்கோ. வேதக்காரரும் (கிறிஸ்தவர்களும்) சைவக்காரரும் சேர்ந்திருக்கும் ஒழுங்கையில் ஞாயிறு காலை சரிவராது.

ஐப்பசி பிறக்க முதல் வாய்க்கால் துப்புரவு. மழை எங்களுக்கு அனேகமாக ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், வந்தால் ஒரேயடியாக வரும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்ததை மறக்கமுடியாது. மதகு வாயில் பிளாஸ்ரிக் போத்தல் அடைத்தால் மேலொழுங்கைத் தண்ணீரும் உங்கட முற்றத்தில்தான் நிற்கும். வீட்டுக்கு ஒருவர், ஒரு மண்வெட்டி, தேத்தண்ணி சங்கச் செலவு.

கிணறு விசயத்தில் கண்டிப்பாக இருங்கோ. யாழ்ப்பாணத்தில் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பொதுக்கணக்கு. கரைக்குக் கிட்ட அந்த உயரமே மிகக் குறைவு. ஒருவர் மோட்டரை நாள் முழுக்க ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணறும் சவராகும். அதனால் குழாய்க்கிணறு அடிக்க ஒருவருக்கும் சம்மதம் கொடாதேங்கோ, பங்குக்கிணற்றுக்கு இறைக்கும் நேரம் குறியுங்கோ, முற்றம் முழுவதும் சீமெந்து பூச விடாதேங்கோ. மழை நிலத்துக்குள் இறங்கவேண்டும். மலக்குழி கட்டும் இடத்தை, வேலை தொடங்க முதல் பக்கத்துக் கிணற்றுக்காரருக்குக் காட்டும் வழக்கத்தையும் கொண்டுவாருங்கோ.

காசுக்கு இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு, ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் மாதக் கணக்கை அனுப்புங்கோ. வாய்க்கால் வெட்டிய படத்தையும் சேர்த்து அனுப்பினால் சந்தா கேட்காமலே வரும். சேர்ந்த காசில் முதலில் ஒழுங்கை முடிவில் ஒரு விளக்குப் போடுங்கோ. விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்கள் மதகடியில் தடக்குப்படாமல் போவார்கள்.