பொரிச்ச எண்ணெய் விக்கிற கடைக்காரங்களுக்கு: ஐரோப்பா சட்டம் உங்க கிச்சன்ல எங்க வருது, நீங்க என்ன பண்ணனும்

சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கவங்க, கேட்டரிங் பண்றவங்க, உங்களுக்காகத்தான் எழுதுறேன். கடை சாத்துற நேரத்துல வந்து பழைய எண்ணெய் டிரம்ம லாரியில ஏத்திட்டுப் போற வேலையில பல வருஷமா இருக்கேன். எந்தக் கடைக்குப் போனாலும் கேக்குறது ஒண்ணுதான், "ஏம்ப்பா போன தடவை நல்ல விலை குடுத்தே, இப்ப ஏன் கொறஞ்சிருச்சு, இந்த ஃபாரம் வேற எதுக்கு?" ரெண்டுக்குமே பெரும்பாலும் பதில் ஐரோப்பிய ஒன்றியத்தோட தலைமையிடமான பிரசல்ஸ்லதான் இருக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்துல புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, ரெட்னு சொல்வாங்க. 2023ல திருத்தினதுல, 2030க்குள்ள மொத்த எரிசக்தியில 42.5 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும்னு வச்சிருக்காங்க. அதோட 9வது இணைப்புல பி பகுதியில உங்க பொரிச்ச எண்ணெய் பேரச் சொல்லியே இருக்கு. அந்தப் பட்டியல்ல இருக்குற கழிவுலேருந்து செஞ்ச எரிபொருள போக்குவரத்து இலக்குல ரெண்டு மடங்கா கணக்கு காட்டலாம், அதனாலதான் கழிவுக்கு இவ்வளவு கிராக்கி. ஆனா பி பகுதி சரக்குக்கு, போக்குவரத்து எரிசக்தியில பொதுவா 1.7 சதவீதம் வரைக்கும்தான் கணக்குல எடுக்கலாம்னு ஒரு வரம்பும் போட்டுட்டாங்க. விமானத்துக்கு தனிச் சட்டம், ஐரோப்பிய ஏர்போர்ட்ல 2025லேருந்து 2 சதவீதம் பசுமை எரிபொருள், 2030ல 6, 2050ல 70. நம்ம துவாஸ்ல, பழைய எண்ணெய் மாதிரி கழிவுலேருந்து டீசலும் விமான எரிபொருளும் செய்யுற நெஸ்டே கம்பெனி ஆலைய 2023ல விரிவாக்கி வருஷத்துக்கு 26 லட்சம் டன் அளவுக்குக் கொண்டு வந்தாங்கன்னா இந்த மாதிரி சட்டங்கள நம்பித்தான்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க வாங்குற புது பாமாயில் மேல ஐரோப்பாவுக்கு நம்பிக்கை இல்ல, காட்டையும் கரிமண் சதுப்பு நிலத்தையும் அழிச்சு தோட்டம் போடுறாங்கன்னு 2019லயே விதி எழுதி, 2030க்குள்ள அந்தப் பாமாயில்ல செஞ்ச எரிபொருள இலக்குக் கணக்குல பூஜ்யம் ஆக்குறாங்க. 2015ல நாம எல்லாரும் மூச்சு முட்டக் கெடந்த புகைமூட்டம் ஞாபகம் இருக்குல்ல, அந்தக் கவலைதான் இது. ஆனா அதே பாமாயில்ல நீங்க வடை சுட்டு முடிச்சிட்டீங்கன்னா அது கழிவு, அத வாங்கிக்குவாங்க. புதுசு விலைய விட பழசு விலை மேல போற காலமும் வந்திருக்கு, அப்ப புது எண்ணெயவே பழசுன்னு சொல்லி விக்கணும்னு ஆசை வரும். அந்தப் பயத்துலதான் இத்தனை பேப்பர் கேக்குறாங்க.

சரி, நீங்க என்ன பண்ணனும்?

எண்ணெய் நல்லா ஆறினப்புறம் வடிகட்டி ஊத்துங்க, மூடி இறுக்கமா இருக்கணும், மழைத்தண்ணி போகவே கூடாது. ஒரு கடையில சட்டி கழுவின தண்ணியவும் அதே டிரம்ல ஊத்தி வச்சிருந்தாங்க, மேல பாத்தா பொன்னிறமா அழகா இருக்கு, குச்சிய அடி வரைக்கும் விட்டு எடுத்தா கீழ ஒரு சாண் அளவுக்கு சாம்பல் கலர் தண்ணி, புளிச்ச நாத்தம். டிரம் முழுசும் திரும்பிப் போச்சு, எனக்கே மனசு கேக்கல, அந்த அக்கா ஒரு மாசமா சேத்து வச்சது. கிரீஸ் டிராப்புல, அதாவது கழிவுத்தண்ணியில வர்ற கொழுப்பத் தடுக்குற தொட்டியில, அள்ளுறது வேற சரக்கு, அதக் கலக்கவே கலக்காதீங்க.

அடுத்தது அந்த ஃபாரம். சரக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு சரிபாக்குற ஐஎஸ்சிசிங்கிற சர்வதேச சான்றிதழ் முறையில உங்க கடைதான் சரக்கோட பிறப்பிடம், அதனால இது சமைச்சதுல மிஞ்சின கழிவு, விக்கணும்னே உண்டாக்கினது இல்ல, வேற எதையும் கலக்கலன்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்க, ஆடிட்டர் வந்து பாக்கவும் சம்மதிக்கிறீங்க. படிக்காம கையெழுத்துப் போடாதீங்க, கேஷியர் தம்பிய விட்டும் போட வைக்காதீங்க. வெத்து ஃபாரத்த நீட்டி "அண்ணே கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்த நாங்க எழுதிக்கிறோம்"னு யாராவது சொன்னா அவங்களுக்கு எண்ணெயே குடுக்க வேணாம், ஏன்னா நீங்க குடுத்தது 40 கிலோவா இருந்து அவங்க 400னு எழுதினா அந்த 360 கிலோ எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களத்தான் கேப்பாங்க.

எடை போடுறப்ப பக்கத்துல நில்லுங்க. ஒவ்வொரு தடவையும் கிலோ, தேதி போட்ட சீட்டு வாங்கி, புது எண்ணெய் வாங்கின பில்லோட சேத்து ஒரே ஃபைல்ல வைங்க. மாசம் இத்தனை டின் வாங்குறோம், இத்தனை கிலோ வெளிய போகுதுன்னு ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா ஆடிட்டர் வந்தாலும் பயமே இல்ல.

எண்ணெய் எடுக்க வர்றவங்க சான்றிதழ ஐஎஸ்சிசி வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம், செல்லுபடி ஆகுறதும் ரத்தானதும் அங்க போட்டிருக்கும், காசு இல்ல, போன்லயே ரெண்டு நிமிஷம். வேற ஆளு கிலோவுக்கு அஞ்சு காசு கூடத் தர்றேன்னு வந்தா, மாறுறதுக்கு முன்னாடி மொதல்ல இதப் பாருங்க.