பழைய ஜீப்பின் சேசிஸை வலுப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், மன்னார்குடியிலிருந்து கோட்டூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வரையுள்ள பல ஊர்களில் வயலுக்குப் போகும் வழி என்பது வாய்க்கால் கரைதான். களிமண் ஊறிக் கிடக்கும் அந்தக் கரையில், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, மறு சக்கரம் மேட்டில் ஏற, பம்புசெட்டையோ உர மூட்டைகளையோ ஏற்றிக்கொண்டு போவதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய மகேந்திரா ஜீப்பை நம்பியிருப்பவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். முப்பது வயதைக் கடந்த அந்த வண்டிகளின் இன்ஜினைப் பிரித்துக் கட்டத் தெரிந்த கைகள் டெல்டாவில் நிறையவே உண்டு. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் விரிசல் கண்டால் மட்டும், அதை இன்ஜினுக்குக் கொடுக்கும் மரியாதையோடு யாரும் அணுகுவதில்லை. “பட்டையை வச்சு அடிச்சுட்டாப் போதும்ணே” என்ற ஒரே பதிலோடு அரை நாளில் வேலை முடிந்துவிடுகிறது.

அந்த அரை நாள் வேலையின் விளைவை நான் என் மகேந்திரா எம்.எம். 540 ஜீப்பிலேயே பார்த்தேன். ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிணைக்கும் பின்பக்க இடது ஸ்பிரிங் ஹேங்கருக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அதன்மேல் 8 மி.மீ. தடிப்புள்ள இரும்புப் பட்டையைச் சதுரமாக வெட்டி வைத்து, நான்கு பக்கமும் சுற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு மிக உறுதியாக இருந்தது. இரண்டாவது சம்பா அறுவடைக்கு முன்பே, அந்தப் பட்டையின் முன் ஓரத்தை ஒட்டி, பற்றவைத்த கோட்டிலேயே, நூல் பிடித்தாற்போல் மேலிருந்து கீழாகப் புதிய விரிசல் ஓடியிருந்தது. பட்டைக்கோ அதன் அடியில் இருந்த பழைய விரிசலுக்கோ எதுவும் ஆகவில்லை. பட்டை முடிந்த இடத்தில் சேசிஸ் முறிந்துகொண்டிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றத் தவறுகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம். இந்த ஜீப்புகளின் சேசிஸ், ஏணியைப் போல இரண்டு நீளச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்டது. நீளச் சட்டத்தின் பெரும்பகுதி ஒரு பக்கம் திறந்த சேனல் வடிவில் இருக்கும். கரையில் ஒரு சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயும் போகும்போது இந்த ஏணி சற்று முறுகிக் கொடுத்து, சமதளத்துக்கு வந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. 3 மி.மீ. அளவிலான தகட்டின்மேல் 8 மி.மீ. பட்டையைச் சதுரமாக ஒட்டினால், பட்டை உள்ள பகுதி விறைத்துக்கொள்கிறது, அதற்கு அடுத்த பகுதி முன்போலவே வளைகிறது, அந்த வளைவு முழுவதும் இரண்டும் சந்திக்கும் ஒரே கோட்டில் வந்து குவிகிறது. பற்றவைத்த சூட்டில் ஏற்கெனவே தன்மை மாறிய இரும்பும் அதே கோட்டில்தான் இருக்கிறது.

ஆகவே பட்டையின் தடிப்பு சேசிஸ் தகட்டின் தடிப்பைத் தாண்டக் கூடாது. சற்றுக் குறைவாக இருந்தாலும் தவறில்லை. துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியரால் அளந்து பார்த்த பிறகே பட்டை வாங்க வேண்டும். பட்டையின் இரு முனைகளும் சாய்சதுரம் போலவோ மீன்வாய் போலவோ சரிந்து முடிய வேண்டும்; மூலைகள் உருண்டிருக்க வேண்டும். விரிசலுக்கு இரு புறமும் தாராளமாக நீண்டு, பலம் படிப்படியாகக் கூடிப் படிப்படியாகக் குறையும்படி அது அமைய வேண்டும். பற்றவைப்பு சட்டத்தின் நீளவாக்கிலும் சரிவிலும் ஓடலாம். சட்டத்துக்குக் குறுக்கே, நேர் செங்குத்தாக ஒரு கோடு போடவே கூடாது.

சேனலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரம் ஏறும்போது இழுவிசையும் அழுத்தமும் மிகுதியாக விழுவது அந்த இரண்டு விளிம்புகளில்தான். இரண்டு விளிம்புகளையும் இணைக்கும் நடுச்சுவரின் மையத்தில் வளைவினால் வரும் விசை ஏறக்குறைய இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே பாரம் தாங்கும்போது கீழ் விளிம்பு இழுபடுகிறது. பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் மேல் விளிம்பு இழுபடுகிறது. டிரெய்லர் கொக்கிக்காகவும், கூடுதல் விளக்குக்காகவும், டீசல் குழாயைக் கட்டுவதற்காகவும் இந்த விளிம்புகளில் துளை போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. துளை போட்டே ஆக வேண்டுமென்றால் அது நடுச்சுவரில், மையத்தை ஒட்டி இருக்கட்டும்.

விரிசலுக்குக் காரணம் தேடாமல் விரிசலை மட்டும் மூடுவது இரண்டாவது பெரிய தவறு. ஸ்பிரிங் பட்டைகள் படுத்துப்போய், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்சில் நேராகச் சேசிஸில் இடிக்கும் வண்டியில் எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் நிற்காது. அளவுக்கு மீறிய பெரிய டயர் மாட்டிய வண்டிகளில் ஸ்டீயரிங் பாக்ஸ் பொருந்தும் இடம் முதலில் கிழியும்; அங்கே விரிசல் இருந்தால் அது சேசிஸ் பிரச்சினை என்பதைவிட உயிர்ப் பிரச்சினை. இருவரைக் கொண்டு இதைச் சோதிக்கலாம்: வண்டி நிற்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்ப, மற்றவர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பாக்ஸைத் தாங்கும் தகடு மூச்சுவிடுவதுபோல் அசைவது தெரிந்துவிடும்.

சட்டங்களைப் பிணைக்கும் ரிவெட்டுகளும் இப்படித்தான் தங்கள் நிலையைத் தாங்களே சொல்லிவிடும். ரிவெட் தலையைச் சுற்றி மெல்லிய செம்பழுப்புப் பொடி வழிந்து காய்ந்திருந்தால், அது உள்ளே தளர்ந்து தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதன் தலையைச் சுற்றி வெல்டிங் அடித்து இறுக்குவது நம் பட்டறைகளில் பரவலான வழக்கம். அது தவறு. தளர்ந்த ரிவெட்டை எடுத்துவிட்டு, துளையை வட்டமாகச் சீர்செய்து, இடைவெளியில்லாமல் பொருந்தும் 8.8 தர போல்ட்டைத் தடித்த வாஷரோடும் லாக் நட்டோடும் முறுக்க வேண்டும். அந்த எண் போல்ட்டின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எண் இல்லாத போல்ட்டைச் சேசிஸில் பயன்படுத்த வேண்டாம்.

விரிசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு முடிந்துவிடுவதில்லை. வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய இடத்தில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சாக்குக்கட்டியை நன்றாகப் பொடித்துத் தூவினால், சற்று நேரத்தில் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். நாம் நினைத்ததைவிட அந்தக் கோடு நீளமாகவே இருக்கும். அது முடியும் புள்ளியில் ஒரு சிறு துளை போட வேண்டும். கூர்மையான முனை வட்டமாகிவிட்டால் விரிசல் மேலும் ஓடுவதற்குரிய இடம் இல்லாமல் போகிறது. பிறகு எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து, விரிசலின் நீளத்துக்கு கிரைண்டரால் சாய்வாகப் பள்ளம் எடுத்து, அடிவரை பற்றவைத்து, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்த பின்னரே பட்டை வைக்க வேண்டும். விரிசலை அப்படியே விட்டு அதன்மேல் பட்டையைப் போர்த்துவது, புண்ணை ஆற்றாமல் மேலே கட்டுப்போடுவது போன்றது.

டெல்டா வண்டிகளுக்கே உரிய பகை துருதான். வயல் சேறு சேசிஸின் மூடிய பகுதிகளுக்குள்ளும் குறுக்குச் சட்டம் சேரும் மூலைகளிலும் புகுந்து, வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டு, கோடையிலும் ஈரம் காயாமல் உட்கார்ந்திருக்கும். அதோடு பொட்டாஷ் உரம் சிந்தினால், அதில் இருப்பதும் ஒருவகைக் குளோரைடு உப்பு என்பதால், இரும்பு இரட்டிப்பு வேகத்தில் கரைவதுபோல் ஆகிவிடும். வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2004 சுனாமியிலோ 2018 நவம்பர் கஜா புயலிலோ கடல்நீர் ஏறிய வண்டியை வாங்குகிறவர்கள், வெளியே பூசிய புதிய பெயிண்ட்டை நம்பாமல், சேசிஸை முழுவதும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரிபட்ட தகடு மொத்தென்று விழும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட தகட்டில் பட்டையைப் பற்றவைப்பதில் பயனில்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டு அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். அரிப்பு நீளமாக ஓடியிருந்தால் வேறு முடிவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த மண்ணில், திறந்த சேனலை நெடுக மூடிப் பெட்டியாக்குவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. வெளியூர் வண்டிகளைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். ஒரு கணக்கைப் பார்க்கலாம்: 100 மி.மீ. உயரமும் 50 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள சேனலைத் தனித் துண்டாக எடுத்து, திறந்த பக்கத்தை அதே தடிப்புத் தகட்டால் மூடினால், அதன் முறுக்கு விறைப்பு ஏட்டுக்கணக்கில் ஐந்நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. குறுக்குச் சட்டங்களோடு பிணைந்த முழுச் சேசிஸில் வேறுபாடு இவ்வளவு இருக்காது என்றாலும், முறுகிக் கொடுக்க வேண்டிய ஏணி விறைத்துப்போய், அந்த விசை ரிவெட் இணைப்புகளையும் பாடியைச் சேசிஸில் பொருத்தும் மவுன்ட்டுகளையும் தேடிப் போகும் என்பது உறுதி. அதைவிட மோசமானது, மூடிய பெட்டிக்குள் சேறும் நீரும் புகுந்து, உள்ளிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரியவே தெரியாது. ஸ்டீயரிங் பாக்ஸ், ஸ்பிரிங் ஹேங்கர் போன்ற இடங்களில் குறுகிய நீளத்துக்கு மூடுவது நியாயம். அங்கும் முனைகளைச் சரிவாக முடித்து, தாழ்ந்த புள்ளியில் 10 மி.மீ. வடிகால் துளை விட வேண்டும்.

வெல்டிங் ராடு விஷயத்தில் காட்டப்படும் அலட்சியம் என்னை மிகவும் வருத்துகிறது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் பயன்படும் 6013 ராடைக் கொண்டே சேசிஸையும் முடித்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு உரியது 7018 என்னும், ஹைட்ரஜன் குறைந்த வகை ராடு. ஆனால் அதை ஈரம் ஏறாமல் வைத்திருந்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு. மழைக்காலத்தில் பிரித்த அட்டைப்பெட்டியில் நாள்கணக்காகக் கிடந்த ராடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றவைப்புக்குள் தங்கி, மணிக்கணக்கில் கழித்துக்கூட விரிசலை உண்டாக்கும். வெயிலில் காயவைப்பது இதற்குப் போதாது. பெட்டியில் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள வெப்பத்தில் மின் ஓவனில் வைத்து உலர்த்த வேண்டும், அல்லது புதிய பெட்டியைப் பிரித்து உடனே பயன்படுத்த வேண்டும். பற்றவைத்த சூட்டோடு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்கும் வழக்கமும் அறவே கூடாது. திடீரென்று குளிர்ந்த இரும்பு கடினமாகி எளிதில் முறியும் தன்மை பெறுகிறது. அது தானாக ஆறட்டும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்; பக்கத்தில் உள்ள டீசல் டேங்கையும் குழாய்களையும் இறக்கிவிட வேண்டும்; எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங்குகளின் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். நாகப் பூச்சுள்ள இரும்புத் தகட்டைப் பட்டையாகப் பயன்படுத்துவதாக இருந்தால் பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையே வரவழைக்கும்.

ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு பற்றவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது முறுகிய நிலையிலேயே சேசிஸ் இறுகிப்போய், பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சமதளத்தில் நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, முடிந்தவரை பாரத்தை இறக்கிவிட்டு, இரு பக்கமும் மாறி மாறிச் சிறுசிறு நீளமாகப் பற்றவைக்க வேண்டும். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் குறுக்களவு எடுப்பது அவசியம். கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கொண்டு, இடமும் வலமும் ஒரே இடத்தில் உள்ள ஸ்பிரிங் ஹேங்கர் துளைகளிலிருந்து தரையில் புள்ளி குறித்து, மூலைக்கு மூலை இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் போதும். இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு மேல் இருந்தால், வலுப்படுத்துவதற்கு முன் நேராக்க வேண்டும்.

சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்தைப் பட்டையால் மூடுவதோ கிரைண்டரால் தேய்ப்பதோ கூடவே கூடாது. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் வண்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிடுவார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பழுதைச் சரிசெய்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது வேறு. சேசிஸை வெட்டி நீட்டுவதும் குறுக்குவதும் வேறு.

வேலை முடிந்ததும் துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்துவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுரண்டாமல் அடித்த பெயிண்ட் அடுத்த மழையில் செதிலாக உரியும். மூடிய பகுதிகளின் உட்புறத்துக்கு, நீண்ட குழல் பொருத்திய ஸ்பிரேயால் மெழுகுப் பூச்சு தர வேண்டும். வயலிலிருந்து வந்தவுடன் அடிப்பகுதியைக் கழுவுகிறவர்கள் எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. அதைக் கொண்டு தினமும் கழுவினால் சேறு போய்விடும், உப்பு தங்கிவிடும். வாய்க்காலில் ஆற்றுத்தண்ணீர் ஓடும் மாதங்களில் அதை மொண்டு வந்து கழுவலாம். மற்ற மாதங்களில் குடத்தில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைக் கடைசியில் ஒருமுறை ஊற்றி, வடிகால் துளை ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுத் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை நிழலில் நிறுத்தலாம்.