ஹனோய் சிறை மீண்ட நண்பருக்கு நினைவுக் கூட்டம் நடத்துவது எப்படி

வியட்நாம் போரில் பிடிபட்டு, வட வியட்நாமின் தலைநகரான ஹனோயில் சிறையிருந்து மீண்டு, பின்னாளில் மறைந்த அமெரிக்கர்களுக்கான நினைவுக் கூட்டம் பற்றியது இது. அமெரிக்காவில் போர்க்கைதி என்றதும் பலர் உடனே ஒரு வட்ட மேசையைப் போட்டுவிடுகிறார்கள். வெள்ளை விரிப்பு, ஒற்றைச் சிவப்பு ரோஜா, எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, கவிழ்த்த தம்ளர், ஆளில்லாத நாற்காலி. அது வீடு திரும்பாதவர்களுக்கான மேசை. சிறையிலிருந்து மீண்டு, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போனவருக்கு அதைப் போடக் கூடாது. மீளாத தோழர்களுக்காக வேண்டும் என்று அவர் வீட்டாரே கேட்டால், தனியாக ஒரு மூலையில் போடுங்கள். அதில் அவர் படத்தை வைக்காதீர்கள்.

நாளும் அப்படித்தான். செப்டம்பர் மூன்றாம் வெள்ளி, காணாமல் போனவர்களையும் சேர்த்து நினைக்கும் நாள். மீண்டவர்களுக்கு உரியது ஏப்ரல் 9. 1942-இல் பிலிப்பைன்ஸின் பத்தான் ஜப்பானியரிடம் வீழ்ந்து, அமெரிக்க வீரர்கள் பெருமளவில் கைதான நாள். ஹனோயில் இருந்தவர் என்றால் பிப்ரவரி 12 இன்னும் பொருத்தம். 1973-இல் அன்றுதான் விடுதலையான கைதிகளோடு முதல் விமானம் கிளம்பியது. அடுத்த சில வாரங்களில் மொத்தம் 591 பேர் திரும்பினார்கள்.

அவருடைய படத்தோடு உடனிருந்த கைதிகளின் படங்களையும் வைத்தால், பதவி வரிசையிலோ அகர வரிசையிலோ அடுக்க வேண்டாம். பிடிபட்ட தேதி வரிசையில் அடுக்குங்கள். நோயாளிகளும் காயம்பட்டவர்களும் முதலில், பிறகு முன்னால் பிடிபட்டவர் முன்னால் என்பதுதான் விடுதலையின்போதும் முறை. ஒவ்வொரு படத்தின் கீழும் பிடிபட்ட தேதி, விடுதலைத் தேதி, சிறையிருந்த நாள்கள் மூன்றும் இருக்கட்டும். நாள் கணக்கில்தான் அடிக்கடி தப்பு வரும்: 1968, 1972 இரண்டும் லீப் வருடங்கள். அமெரிக்க விமானி எவரெட் ஆல்வரெஸ் 1964 ஆகஸ்ட் 5-இல் பிடிபட்டு 1973 பிப்ரவரி 12-இல் விடுதலையானார், 3,113 நாள்கள். வருடத்துக்கு 365 என்று பெருக்கினால் இரண்டு நாள் குறைந்துவிடும். அந்த இரண்டும் அவர் உள்ளே கழித்த நாள்கள்.

கூட்டத்தின் உயிர், தனித்தனி அறைகளில் அடைபட்ட கைதிகள் சுவரில் தட்டித் தட்டி ஒருவரோடு ஒருவர் பேசிய அந்த மொழி. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு ஆங்கில எழுத்துகளை நிரப்புங்கள். 26 எழுத்து 25 கட்டத்தில் அடங்காது என்பதால் 'கே' கிடையாது. அதற்கும் 'சி'-யையே தட்டினார்கள். (நம் 247-க்கு எவ்வளவு பெரிய சுவர் வேண்டியிருக்குமோ!) வரிசைகளின் முதலெழுத்து ஏ, எஃப், எல், கியூ, வி. இந்த ஐந்தை மனப்பாடம் செய்தால் போதும், மற்றவை தானே வந்துவிடும். முதலில் வரிசை எண்ணைத் தட்டுங்கள், சின்ன இடைவெளி, பிறகு அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதை. எழுத்து முடிந்ததும் இடைவெளி இரு மடங்கு. இரண்டு இடைவெளியும் ஒரே அளவாகிவிட்டால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. புதிதாகத் தட்டுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

"காட் பிளஸ் யூ" (கடவுள் ஆசீர்வதிப்பாராக) என்பதன் சுருக்கமான ஜி-பி-யு இரவு விடைபெறும்போது வழக்கம்: 2-2, 1-2, 4-5. விரல் முட்டியால் மரமேசையில் தட்டுங்கள். விரிப்புப் போட்ட மேசையில் சத்தம் அமுங்கிவிடும்.

உடனிருந்த பழைய கைதி யாராவது வருவதாக இருந்தால் இந்தத் தட்டலைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரவதையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம் என்று மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள். அவர் விரும்பினால் முதல் தட்டு அவருடையதாகட்டும். அழைப்புக்கு ஐந்து தட்டு, பதிலுக்கு இரண்டு. அந்த இரண்டைக் கூடியிருக்கும் எல்லோரும் சேர்ந்து தட்டலாம்.