பழைய கேஸ் ஷீட்டை வைத்து ஆய்வா? எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கும் முறை

ஊசி போடப் போவதில்லை, நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கப் போவதில்லை, ரெக்கார்டு ரூமில் கிடக்கும் கேஸ் ஷீட்டைத்தான் புரட்டப் போகிறோம். இதற்கும் எத்திக்ஸ் கமிட்டியின் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வேண்டுமா? வேண்டும், அதுவும் முதல் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே. தரவெல்லாம் எடுத்து முடித்த பிறகு போய் நின்றால் கமிட்டி கையெழுத்துப் போடாது. எத்தனை கேஸ் தேறும் என்று தெரிய வேண்டுமானால் எம்.ஆர்.டி.யிடம் (மருத்துவப் பதிவேட்டுத் துறை) எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்.

ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி பரிசீலனை மூன்று வகை. பொதுவெளியில் கிடைக்கும் பெயரில்லாத் தரவு, மெட்டா அனாலிசிஸ் (வெளியான ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து அலசுவது) போன்றவை பரிசீலனை விலக்கில் வரும். அடையாளம் நீக்கிய மருத்துவமனைப் பதிவேடுகள் விரைவுப் பரிசீலனைக்குப் போகும். மற்றவை முழுக் கமிட்டிக்கு. எந்த வகை என்று நீங்கள் கேட்கலாம், முடிவு கமிட்டியுடையது. 'விலக்குதானே' என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தில் உயிர்நாடி தரவுப் படிவம்தான். எக்செல்லில் எத்தனை நெடுவரிசை வரப்போகிறதோ அத்தனையும் அதில் இருக்க வேண்டும். பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), போன், ஆதார் எதுவும் கூடாது. பிறந்த தேதிக்குப் பதில் வயது. அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதிகளுக்குப் பதில் தங்கிய நாட்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். '34 வயது, பாம்புக்கடி, டயாலிசிஸ்' என்ற வரிசையோடு கிராமத்தின் பெயரும் சேர்ந்தால், அந்த ஊர்க்காரருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க ஐ.பி. நம்பர் தேவைதான். அதைத் தனி ஃபைலில் குறியீட்டு எண்ணோடு பூட்டி வையுங்கள். யார் கையில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதுங்கள். அந்த ஃபைல் இருக்கும்வரை தரவு 'குறியீடு இடப்பட்டது'தான். 'அடையாளம் அறவே நீக்கப்பட்டது' என்று எழுதினால் அது பொய். கேள்வி பெரும்பாலும் இங்கேதான் வரும்.

ஒப்புதல் விலக்கு, அதாவது நோயாளியின் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்தும் அனுமதி, தானாகக் கிடைக்காது, தனியாகக் கேட்க வேண்டும். 'நேரமில்லை' என்பது காரணமாகாது. பதிவுகள் எத்தனை ஆண்டு பழையவை, ஏன் தொடர்புகொள்ள முடியாது, இறந்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் விட்டால் முடிவு எப்படிச் சாயும் என்று எழுதுங்கள். பதிவேடுகளைப் பார்க்க மருத்துவக் கண்காணிப்பாளரின் அனுமதிக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தேதியில். 2024 ஜூனில் விண்ணப்பித்துவிட்டு ஆய்வுக் காலத்தை '2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை' என்று போட்டால், கடைசி ஆறு மாத நோயாளிகள் இனிமேல்தான் வரப்போகிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்று சொல்ல வழியில்லை. ஒப்புதல் வாங்கச் சொல்வார்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்பே காலத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்த பிறகு 'கிரியேட்டினினும் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்திருக்கலாமே' என்று தோன்றினால், திருத்த விண்ணப்பம் கொடுத்து பதில் வரும்வரை அந்த நெடுவரிசையைக் காலியாகவே விட்டுவையுங்கள்.