காவிரிக் கரை ஊரில் திரைப்படச் சங்கம் நடத்துவது எப்படி?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் நல்ல படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்; ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியாக இருக்கிறார்கள் என்பதுதான் குறை. 1905ஆம் ஆண்டில், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். அந்தக் கருவி கிளம்பிய மண்ணில் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கி, அது மூன்றாம் மாதமே நின்றுவிடாமல் நடத்துவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

சந்தா வசூலிப்பதற்கு முன்பே, அதற்கு ஈடாக என்ன தரப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். மாதம் ஒரு படம், அதைத் தொடர்ந்து ஒரு மணி நேரக் கலந்துரையாடல், ஆண்டுக்கு இரண்டு வார இறுதிப் பயிற்சி வகுப்புகள், இரவல் வாங்கிப் படிக்கச் சினிமா நூல்கள் அடங்கிய ஓர் அலமாரி ஆகியவை போதும். எங்கள் முதல் ஆண்டில் மாதம் இரண்டு படம் என்று அறிவித்தோம். ஐப்பசி மழையில் தொடர்ந்து மூன்று திரையிடல்கள் தடைபட்டன, சந்தா கட்டியவர்கள் கேள்வி கேட்டார்கள், அவர்கள் கேட்டது நியாயம். குறைவாகச் சொல்லி அதைத் தவறாமல் செய்கிற சங்கத்தில்தான் மறு ஆண்டும் சந்தா வரும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும். சங்க விதிகளில் உறுப்பினரின் உரிமைகளைத் தெளிவாக எழுதுங்கள்: பொதுக்குழுவில் வாக்கு, வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை, விருந்தினர் ஒருவரை அழைத்துவரும் வசதி ஆகியவை அதில் இருக்கட்டும். மாணவர்களுக்குச் சந்தாவைப் பாதியாக வைப்பது நல்லது. சத்யஜித் ராய் முதல் தலைவராக இருக்க 1959இல் உருவான இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் இணைந்தால் மற்ற ஊர்ச் சங்கங்களின் தொடர்பு கிடைக்கும்.

நாட்காட்டியை வயலைப் பார்த்துப் போட வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும் ஆண்டுகளில் குறுவை வேலை உடனே தொடங்கிவிடும். தை மாதம் சம்பா அறுவடை. இந்த நாட்களில் கிராமத்து உறுப்பினர்கள் வருவது கடினம் என்பதால் குறும்படங்களை வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெட்டவெளித் திரையிடலை நினைக்கவே வேண்டாம்; மாசி, பங்குனி இரவுகள் அதற்கு ஏற்றவை. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, கலந்துரையாடலும் முடிந்து ஆட்கள் அதைப் பிடிக்கும்படி படத்தைத் தொடங்குங்கள். பெண்கள் தொடர்ந்து வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்தே இருக்கிறது.

படத்தின் உரிமை விஷயத்தில் அலட்சியம் கூடாது. வீட்டில் ஓடிடி சந்தா இருப்பது மண்டபத்தில் திரையிடுவதற்கான அனுமதி ஆகாது. உரிமையாளரிடம் எழுத்துமூலம் இசைவு வாங்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடல், இசை உரிமைகளின் கணக்கு வேறு. சிறு படங்களை எடுத்த இயக்குநர்களிடம் நேரடியாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு தருகிறார்கள், பல நேரம் தாங்களே வரவும் செய்கிறார்கள். தணிக்கைச் சான்றிதழின் வகையை அழைப்பிதழிலேயே குறிப்பிடுங்கள். யுஏ பிரிவு இப்போது 7, 13, 16 வயது என்று பிரிக்கப்பட்டிருப்பதால், குழந்தைகளை அழைத்துவரலாமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்துகொள்வார்கள்.

மண்டபத்துக்கு முதல் நாள் மாலையே போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து சப்டைட்டிலைப் படித்துப் பாருங்கள். முன்னால் இருப்பவரின் தலை மறைத்தால் திரையை ஒரு முழம் உயர்த்திக் கட்ட வேண்டும். மின்விசிறிகளை ஓடவிட்டு வசனம் காதில் விழுகிறதா என்று கேளுங்கள். காலி மண்டபத்தில் விசிறியை நிறுத்திவிட்டுச் சோதித்த ஒலி, மறுநாள் கூட்டத்தில் உதவாது.

சங்கத்தின் உயிர் கலந்துரையாடலில் இருக்கிறது. விளக்கைப் போட்டதும் "படம் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலில் ஒலி இல்லாமலும் பிறகு ஒலியோடும் திரும்பக் காட்டுங்கள். ஒருமுறை சமையலறைக் காட்சி ஒன்றை அப்படிக் காட்டியபோது, சைக்கிள் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், அந்தப் பெண் பேசும்போதெல்லாம் கதவையே பார்க்கிறாள் என்றார். ஒலியோடு காட்டிய பிறகுதான், வாசலில் மெல்லிய செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததை எல்லோரும் உணர்ந்தோம். அதுவரை வாய் திறக்காதிருந்த நாலைந்து பேர் அன்றைக்குப் பேசினார்கள். பேசுபவருக்கு மூன்று நிமிடம் என்று வரையறுத்து, முதல் வாய்ப்பைப் புதியவருக்குக் கொடுங்கள். அதிகம் படித்த உறுப்பினர்கள் கடைசியில் பேசினால் போதும்.

தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1947இல் தொடங்கிய பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியே 1958இல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களின் அமைப்போடு இணைந்துவிட்டது. நம் வீடுகளில் தினமும் ஓடும் தொடரின் ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, அதன் படத்தொகுப்பையும் பின்னணி இசையையும் ஆராய்ந்தால் வயதான உறுப்பினர்களும் ஆர்வத்தோடு பங்கேற்கிறார்கள். பயிற்சி வகுப்புக்குப் புகழ்பெற்ற பெயர்களைத் தேடி அலைவதைவிட, சொந்த ஊருக்கு விடுமுறையில் வரும் ஒலிப்பதிவாளரையோ உதவி எடிட்டரையோ அழைப்பது அதிகப் பயன் தரும்.

உறுப்பினர்களுக்குத் தரக்கூடிய பெரிய வசதி, திரைப்பட விழாக்களுக்குச் சேர்ந்து போவது. 2004 முதல் கோவாவில் நடக்கும் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழா நவம்பரிலும், சென்னை, திருவனந்தபுரம் விழாக்கள் வழக்கமாக டிசம்பரிலும் வருகின்றன. விழாவில் படம் பார்க்கச் செய்துகொள்ள வேண்டிய பிரதிநிதிப் பதிவு தொடங்கும் நாளைக் கவனித்து உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பதும், விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு உடனிருந்து உதவுவதும் செயலாளரின் பொறுப்பு. சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் இரவே ஏறிவிட்டால் காலைக் காட்சியைப் பிடிக்கலாம். போய்வந்த ஒவ்வொருவரும் தான் பார்த்ததில் ஒரு படத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறோம். மறு ஆண்டுக்கான படப்பட்டியலை அந்தப் பேச்சுகளிலிருந்துதான் தயாரிக்கிறோம்.